ஒரு பெண் தொழிலதிபருக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் கிடைக்குமா? பரிசீலனைச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவருக்குத் தனிப் பக்கம் இருக்கலாமா என்பது இரண்டு இடங்களில் தீர்மானமாகிறது. பக்கம் வெளிவரும் முன் வரைவைப் படித்துப் பார்த்து அனுமதிக்கும் பரிசீலனை ஒன்று. வெளிவந்த பக்கத்தை யாராவது ஆட்சேபித்தால் நடக்கும் நீக்கல் விவாதம் இன்னொன்று. இரண்டையும் நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. தொழில் நடத்தும் பெண்களின் பக்கங்கள் இந்த இரண்டு இடங்களிலும் அடிக்கடி சிக்கிக்கொள்கின்றன. இந்த மதிப்பீடு அவர்களுக்காகவும், அவர்களைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்காகவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவை நேர்மையானது. விதிகள் எல்லாம் யாரும் படிக்கும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மறுத்தால் காரணம் சொல்கிறார்கள், திருத்தி மறுபடி வர வாய்ப்பும் தருகிறார்கள். ஆனால் மெதுவாக நடக்கிறது. இந்தியத் தொழில் உலகைச் சேர்ந்த பெண்கள் விஷயத்தில் தேவைக்கு மேல் கறாராகவும் இருக்கிறது. அப்படியிருந்தும், “பக்கம் போட்டுத் தருகிறோம்” என்று பணம் கேட்கும் ஏஜென்சிகளைவிட இது எவ்வளவோ மேல்.

என்ன பார்க்கிறார்கள்

பெரும்பாலான வரைவுகள் தோற்பது இங்கேதான். பரிசீலிப்பவர் அந்தப் பெண் எவ்வளவு சாதித்தார் என்று அளப்பதில்லை. ஆண்டு விற்றுமுதல் எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறார், எத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. அவர் கேட்பது ஒன்றுதான்: இவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, நம்பகமான வெளியீடுகள், இவரைப் பற்றி விரிவாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை, தாமாகவே எழுதியிருக்கின்றனவா? தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதி, நிறுவனத்தின் புகழ் நிறுவனரைச் சேராது என்பது. நிறுவனம் பெரியது, அதற்கு ஏற்கெனவே பக்கம் இருக்கிறது, ஆனால் தலைவியைப் பற்றித் தனியாக யாரும் எழுதவில்லை என்றால், அவர் பெயரைத் தேடுபவர்களை நிறுவனத்தின் பக்கத்துக்கே அனுப்பும் வழிமாற்று ஒன்றைப் போட்டு முடித்துவிடுவார்கள். பலரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. பழைய வரலாறு அழியாமல் வழிமாற்றின் அடியிலேயே கிடக்கும். பின்னால் நல்ல சான்றுகள் வந்தால் அங்கிருந்தே தொடரலாம்.

குறுக்கே போக நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒரு நாட்டின் பெரிய, பலரும் அறிந்த விருதைப் பெற்றிருந்தால் தகுதி இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வார்கள். பயோகான் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தை 1978இல் தொடங்கிய கிரண் மஜும்தார்-ஷா 1989இல் பத்மஸ்ரீயும் 2005இல் பத்மபூஷணும் பெற்றவர். சென்னையின் டாஃபே டிராக்டர் நிறுவனத் தலைவர் மல்லிகா ஸ்ரீனிவாசனுக்கு 2014இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படிப்பட்டவர்கள் விஷயத்தில் விவாதமே எழுவதில்லை. ஆனால் விண்ணப்பக் கட்டணம் கட்டி, நட்சத்திர ஓட்டலில் மேசைக்குப் பணம் கொடுத்து வாங்கும் “ஆண்டின் சிறந்த பெண் தொழில்முனைவோர்” விருதுகளுக்கு இங்கே மதிப்பு பூஜ்யம். பத்து இருந்தாலும் பூஜ்யம்தான். சொல்லப்போனால் அவற்றை அடுக்கினால் பரிசீலிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

ஒரு சான்றுக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு நடுத்தர நிறுவனத் தலைவியின் அலுவலகம் தயாரித்து வைத்திருக்கும் செய்தித் துணுக்குக் கோப்பு எப்படி இருக்கும் என்று துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். பரிசீலிப்பவர் அதை எப்படிக் கழிப்பார் என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு ஆங்கில நாளிதழின் முழுப் பக்கப் பேட்டி. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் கேள்வி பதில் வடிவம் என்றால், பதில்கள் அத்தனையும் அவரே தம்மைப் பற்றிச் சொன்னவை. அது தற்சார்பற்ற சான்றாகாது, அதாவது அவரைச் சாராத வெளியாள் தந்த சான்றாகாது. பேட்டிக்கு முன்னால் செய்தியாளர் தம் சொந்த ஆய்வில் நாலு பத்தி அறிமுகம் எழுதியிருந்தால் அந்தப் பகுதி மட்டும் எடுபடும்.

இரண்டாவது, வணிக இதழ் ஒன்றின் “நாற்பது வயதுக்குள் நாற்பது பேர்” பட்டியல். இவருக்கு ஒதுக்கியது ஒரு படமும் மூன்று வரியும். விரிவான கவனிப்பு என்ற வரையறைக்குள் இது வராது.

மூன்றாவது, புதிய கிளை திறப்பு, முதலீடு திரட்டியது, பதவி நியமனம், கூட்டு ஒப்பந்தம் பற்றிய செய்திகள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். எல்லாம் வழக்கமான வணிகச் செய்திகள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். செய்தி நிறுவனம் கொடுத்த ஒரே செய்தியை எட்டுப் பத்திரிகை போட்டிருந்தால் எட்டாகக் கணக்கில்லை, ஒன்றுதான்.

நான்காவது, ஃபோர்ப்ஸ் தளத்தில் வந்த கட்டுரை. பத்திரிகையின் சொந்த ஆசிரியர் குழு எழுதியதா, வெளிப் பங்களிப்பாளர் எழுதியதா என்று எழுதியவர் பெயருக்குக் கீழே பார்க்க வேண்டும். பங்களிப்பாளர் என்றால் பொதுவாகச் செல்லாது. கட்டணம் கட்டி உறுப்பினராகி எழுதும் மன்றப் பகுதி என்றால் சுத்தமாகச் செல்லாது.

ஐந்தாவது, பெயர் போட்ட செய்தியாளர் இல்லாமல், “பிராண்ட் டெஸ்க்” என்றோ “இதன் உள்ளடக்கத்துக்கு ஆசிரியர் குழு பொறுப்பல்ல” என்றோ ஓரத்தில் பொடி எழுத்தில் போட்ட பக்கம். இது விளம்பரம். கோப்பில் இதைச் சேர்க்கவே கூடாது. மற்ற நல்ல சான்றுகளையும் இது கெடுத்துவிடும்.

ஆறாவது, பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிக்கை, பங்கு வெளியீட்டு ஆவணம், நிறுவனப் பதிவு விவரம். எந்தத் தேதியில் இயக்குநரானார் என்று சொல்ல இவற்றைப் பயன்படுத்தலாம். தகுதியை நிரூபிக்க உதவாது.

கடைசியில் கோப்பின் அடியில் எங்கோ ஒரு பழைய துணுக்கு கிடக்கும். ஒரு செய்தியாளர் தொழிற்கூடத்துக்குப் போய், அங்கே வேலை செய்பவர்களிடமும் போட்டி நிறுவனக்காரரிடமும் பேசி, கடன் நெருக்கடியையும் அதிலிருந்து நிறுவனம் மீண்டதையும் எண்களோடு எழுதியது. ஒருவேளை பாராட்டைவிட விமர்சனம் அதிகமாகவே இருக்கலாம். அலுவலகத்துக்குப் பிடிக்காத கட்டுரையாகவும் இருக்கலாம். பரிசீலிப்பவருக்கு வேண்டியது அதுதான். வெவ்வேறு வெளியீடுகளில் அப்படி மூன்று இருந்தால் பக்கம் பெரும்பாலும் நிற்கும்.

ஆகவே நாற்பது இணைப்புகளைக் கொட்டாமல், மிகச் சிறந்த மூன்றை மட்டும் எடுத்து, வரைவோடு சேர்ந்தே இருக்கும் விவாதப் பக்கமான பேச்சுப் பக்கத்தில் “தகுதிக்கான சான்றுகள் இவை” என்று தனியாகக் குறித்து வைப்பது நல்லது. பரிசீலிப்பவருக்கு நேரம் மிச்சம். மூன்றையும் அவர் திறந்து படிப்பார். நாற்பதையும் யாரும் திறக்க மாட்டார்கள்.

தமிழில் வந்த கட்டுரைகளும் செல்லும் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. சான்று ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை; இணையத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. இருபது வருடத்துக்கு முன் ஒரு தமிழ் நாளிதழின் அச்சுப் பதிப்பில் மட்டும் வந்த கட்டுரையைக்கூடக் காட்டலாம். தலைப்பு, எழுதியவர், பதிப்பு, தேதி, பக்க எண் ஆகிய ஐந்தும் துல்லியமாக வேண்டும். முக்கியமான இரண்டு மூன்று வாக்கியங்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு மேற்கோள் குறிப்பிலேயே சேர்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தமிழ் தெரியாத பரிசீலகர் அதை எடைபோட வழியில்லாமல் தாண்டிப் போய்விடுவார்.

வரைவு போடும் முறை

கணக்கு தொடங்கும்போது நிறுவனத்தின் பெயரைப் பயனர் பெயராக வைத்தால் தடை விழும். தனி மனிதர் பெயரோ புனைபெயரோ வைக்க வேண்டும். அந்தப் பெண்ணின் மகன், ஊழியர், விளம்பர அதிகாரி, நண்பர் என யாராக இருந்தாலும் சொந்தப் பயனர் பக்கத்தில் அந்த உறவைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் எழுதுவதையும் திருத்துவதையும் தொகுப்பு என்பார்கள்; சம்பளத்தின் பகுதியாகச் செய்தாலும் அது பணம் பெற்ற தொகுப்புதான். யார் பணம் தருகிறார், யாருக்காக, என்ன தொடர்பு என்று அறிவிப்பது 2014 ஜூனிலிருந்து, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியாகவே இருக்கிறது. இதை மறைத்தவர்களின் நல்ல கட்டுரைகளும் நீக்கப்பட்டிருக்கின்றன. வெளிப்படையாகச் சொன்னவர்களை மரியாதையாகவே நடத்துகிறார்கள்.

கணக்குக்கு 4 நாள் வயதும் 10 தொகுப்புகளும் ஆன பிறகு நேரடியாகவே பக்கம் தொடங்க முடியும். சம்பந்தப்பட்டவர்கள் அப்படிச் செய்யக் கூடாது, வரைவுப் பரிசீலனை வழியாகத்தான் போக வேண்டும். நேரடியாகப் போட்டாலும் பெரிய லாபமில்லை. புதுப் பக்கங்களைச் சுற்றிப் பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை, அல்லது 90 நாள் ஆகும்வரை, பக்கத்தைத் தேடுபொறிகள் எடுத்துக்கொள்ளாதபடி அடைத்து வைத்திருப்பார்கள்.

வரைவு முந்நூறு முதல் ஐந்நூறு சொற்கள் இருந்தால் போதும். நடைதான் முக்கியம். “தொலைநோக்கும் அயராத உழைப்பும் கொண்ட இவர் பின்னலாடைத் துறையில் புதிய அத்தியாயம் படைத்தார்” என்ற வாக்கியம் வரைவையே கவிழ்த்துவிடும். அதே விஷயத்தை, உதாரணத்துக்கு, “2009இல் திருப்பூரில் 12 தையல் இயந்திரங்களுடன் நிறுவனத்தைத் தொடங்கினார், 2016இல் சாயப்பட்டறைக் கழிவுநீர் தொடர்பாக அதன் ஒரு பிரிவு மூடப்பட்டு, அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது” என்று எழுதி, ஒவ்வொரு பாதி வாக்கியத்துக்கும் சான்று போட்டால் நிற்கும். பாதகமான செய்தி இருந்தால் அதையும் எழுத வேண்டும். அதை மறைத்த வரைவு விளம்பரம் போலவே தெரியும்.

நிறுவன இணையதளத்தில் உள்ள அறிமுகத்தையோ லிங்க்ட்இன் குறிப்பையோ வெட்டி ஒட்டுவது இன்னொரு பெரிய தவறு. அது அவரே எழுதியதாக இருந்தாலும், முறையாகப் பொது உரிமம் கொடுக்காதவரை பதிப்புரிமை மீறல்தான், உடனே நீக்குவார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொல்லி அப்படியே ஒட்டினால் இன்னும் மோசம். இல்லாத கட்டுரைகளுக்கு இணைப்பு கொடுத்திருப்பது ஒரு சொடுக்கில் தெரிந்துவிடும். மனிதர் சரிபார்க்காத அப்படிப்பட்ட பக்கங்களை விவாதமே இல்லாமல் நீக்க 2025இல் தனி விதியே வந்துவிட்டது.

சமர்ப்பித்ததும் மேலே மஞ்சள் பெட்டி ஒன்று வரும், காத்திருக்கச் சொல்லி. வரிசை முறை கிடையாது. எந்தப் பரிசீலகர் எதை எடுக்கிறாரோ அதுதான் முதலில். சில நாளிலும் முடியலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம். மறுத்தால் காரணத்தோடு குறிப்பு வரும். திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் ஒன்றையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப அனுப்பினால், இனி பரிசீலிக்க முடியாது என்று ஒரேயடியாக நிராகரிப்பார்கள். மறுப்புக்கும் நிராகரிப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் யாரும் தொடாத வரைவு நீக்கப்படும். கேட்டால் திருப்பித் தருவார்கள்.

நீக்கல் விவாதம்

பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டையோடு நீக்கல் அறிவிப்பு விழுந்தால் பதறி அதை அழிக்கக் கூடாது. அழித்தாலும் விவாதம் நிற்காது. அழித்தவர் பெயர்தான் கெடும். விவாதம் 7 நாள் நடக்கும். கருத்து போதாவிட்டால் இன்னொரு வாரம் நீட்டுவார்கள். இது வாக்கெடுப்பு இல்லை. முடித்து வைக்கும் நிர்வாகி தலைகளை எண்ணாமல் வாதங்களை எடைபோட வேண்டும். வைத்திருத்தல், நீக்கல், இணைத்தல், வழிமாற்று, வரைவாகத் திருப்பி அனுப்புதல், ஒருமித்த கருத்து இல்லை என இதில் எந்த முடிவும் வரலாம். கடைசி முடிவு வந்தால் பக்கம் அப்படியே இருக்கும்.

எடுபடாத வாதங்கள்: இவர் ஆயிரம் பெண்களுக்கு முன்மாதிரி, கூகுளில் தேடினால் லட்சம் முடிவு வருகிறது, இவரைவிடச் சின்னவர்களுக்கெல்லாம் பக்கம் இருக்கிறது. எடுபடுவது ஒன்றே: இதுவரை யாரும் பார்க்காத, விரிவான, தற்சார்பற்ற சான்று. தேதியும் பக்க எண்ணும் போட்டு, அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியும் எழுதி வைத்தால், நீக்கச் சொன்னவர்களே மனம் மாறுவதுண்டு.

மிக மோசமான காரியம், அலுவலகத்தில் பத்துப் பேரைக் கணக்கு தொடங்க வைத்து “வைத்திருங்கள்” என்று எழுதச் சொல்வது. புதுக் கணக்குகளின் கருத்துகளுக்கு அருகே உடனே குறி போடுவார்கள். ஒரே இடத்திலிருந்து வந்தவையா என்று தொழில்நுட்பச் சோதனை நடக்கும். கணக்குகள் தடைபடும். பக்கத்தை மறுபடி யாரும் உருவாக்க முடியாதபடி அந்தப் பெயரையே பூட்டிவிடவும் வாய்ப்புண்டு. பின்னால் அந்தப் பெண் உண்மையிலேயே தகுதி பெற்றாலும் அந்தப் பூட்டைத் திறக்கத் தனியாக மன்றாட வேண்டியிருக்கும்.

ஒன்றிரண்டு பேர் மட்டும் பேசி, எதிர்ப்பே வராமல் நீக்கப்பட்ட பக்கத்தைப் பெரும்பாலும் வெறும் கோரிக்கையிலேயே திரும்பப் பெறலாம். முழு விவாதத்துக்குப் பின் நீக்கியது தவறென்று தோன்றினால் முடித்து வைத்தவரிடம் முதலில் கேட்க வேண்டும், பிறகு நீக்கல் மறுஆய்வுக்குப் போகலாம். அங்கே முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்ப்பார்கள், பழைய வாதங்களை மறுபடி கேட்க மாட்டார்கள்.

குறை எங்கே

இந்தச் சேவையின் உண்மையான பலவீனம், பத்திரிகைகள் கண்டுகொள்ளாத பெண்ணை இதுவும் கண்டுகொள்ளாது என்பது. இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்டைப் பற்றிய வரைவு 2018 மே மாதம் சான்று போதாது என்று மறுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. விதிப்படி பார்த்தால் பரிசீலகர் செய்தது தவறில்லை என்பதுதான் இதில் வேதனை. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2017 ஏப்ரலில் நீக்கப் பரிந்துரைக்கப்பட்ட வாழ்க்கை வரலாறுகளில் 41 சதவீதம் பெண்களுடையவை என்றும், அப்போது மொத்தத்தில் அவர்கள் பங்கு 17 சதவீதம்தான் என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ள முடியாது. 2015இல் தொடங்கிய ‘விமன் இன் ரெட்’ குழு இதைச் சரிசெய்யத்தான் உழைக்கிறது. நல்ல சான்று இருக்கும் வரைவுக்கு அவர்களிடம் உதவி கேட்கலாம்.

தொழில் நடத்தும் இந்தியப் பெண்களுக்கு இதற்கு மேல் இன்னொரு சுமை இருக்கிறது. காசு வாங்கிச் செய்தி போடும் வழக்கம் இங்கே எவ்வளவு பரவியிருந்தது என்றால், இந்தியப் பத்திரிகை மன்றமே 2010இல் அதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. விக்கிப்பீடியாவின் சான்று வழிகாட்டியிலும் இந்தியச் செய்தி நிறுவனங்களின் இந்த வழக்கம் பற்றித் தனி எச்சரிக்கை இருக்கிறது. எச்சரிக்கை நியாயமானது. ஆனால் விளைவு என்ன? ஒரு செய்தியாளர் உண்மையாகவே உழைத்து எழுதிய அறிமுகக் கட்டுரையையும், விலைக்கு வாங்கிய கட்டுரையையும் தூரத்திலிருந்து பார்ப்பவரால் பிரிக்க முடிவதில்லை. இரண்டையும் சேர்த்து ஒதுக்குகிறார். போதாக்குறைக்கு, பெண் தொழிலதிபரிடம் போகும் செய்தியாளர்கள் வீட்டையும் அலுவலகத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். கடன், சந்தை, தொழிலாளர் பிரச்சினை பற்றிக் கேட்பதெல்லாம் கணவரிடமோ அண்ணனிடமோ. அப்படி எழுதிய கட்டுரையில் கலைக்களஞ்சியத்துக்கு எடுக்க ஒன்றுமே இருக்காது. தகுதியுள்ள பல பெண்கள் இப்படித்தான் வெளியே நிற்கிறார்கள். பரிசீலகர்களிடம் இதில் கொஞ்சம் கூடுதல் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமே.

பணம் கேட்பவர்கள்

பக்கம் நிச்சயம் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது. 2013இல் விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய 250க்கும் மேற்பட்ட கணக்குகள் தடை செய்யப்பட்டன. 2015 ஆகஸ்டில் வெளிவந்த ‘ஆரஞ்ச்மூடி’ விவகாரத்தில் 381 கணக்குகள் தடைபட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அவர்கள் செய்த விதம் இப்போதும் நடக்கக்கூடியது: மறுக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடிப்பது, அனுபவமுள்ள தொகுப்பாளர் போலச் சம்பந்தப்பட்டவரைத் தொடர்புகொள்வது, பணம் வாங்கிக்கொண்டு பக்கத்தை வெளியிடுவது, பிறகு நீக்காமல் காப்பாற்ற மாதாமாதம் பணம் கேட்பது. வரைவு மறுக்கப்பட்ட சில நாளில் “உதவட்டுமா” என்று மின்னஞ்சல் வந்தால் அது இந்த வகையாகத்தான் இருக்கும். உண்மையான பரிசீலகர் யாரும் காசு கேட்பதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவைப் பின்வாசலாக நினைப்பவர்களும் உண்டு. அது 2003இலிருந்து தனிச் சமூகமாக, தன் விதிகளோடு இயங்குகிறது. சந்தேகமிருந்தால் அதன் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அங்கே பக்கம் இருப்பது ஆங்கிலத்தில் தகுதியாகாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போனாலும் அப்படியே.

பக்கம் வந்த பிறகு

வெளிவந்த பக்கம் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானதல்ல. நாளை நிறுவனத்தில் வருமான வரிச் சோதனை நடந்து பத்திரிகைகள் விரிவாக எழுதினால் அதுவும் அங்கே ஏறும். தவறான தகவல் இருந்தால் தாமே திருத்தாமல், பேச்சுப் பக்கத்தில் சம்பந்தப்பட்டவர் என்று சொல்லி, எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும், எந்தச் சான்றின்படி என்று திருத்தக் கோரிக்கை வைக்க வேண்டும். உயிரோடிருப்பவரைப் பற்றிய சான்றில்லாத அவதூறாக இருந்தால் கோரிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, யாரும் உடனே எடுத்துவிடலாம்.

பக்கமே வேண்டாம் என்று பின்னால் மனம் மாறுபவர்களும் இருக்கிறார்கள். பரவலாக அறியப்படாதவர் என்றால், நீக்கல் விவாதத்தில் கருத்து இரண்டுபட்டு நிற்கும்போது, அவருடைய விருப்பத்தை நிர்வாகி கணக்கில் எடுத்துக்கொண்டு நீக்கலாம். பெப்சிகோவின் முன்னாள் தலைவர் இந்திரா நூயி அளவுக்கு அறியப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வரைவை அனுப்பும் முன், யார் எழுதினாலும், சம்பந்தப்பட்ட பெண்ணிடமே இதைத் தெளிவாகச் சொல்லி அவர் சம்மதத்தைக் கேட்டுவிடுவது முறை.